மூன்றாவது மாடி, நேரடி பார்ட்டி மட்டும்

மே 4, ஞாயிறு

மோர்க்குழம்பு நன்றாக அமைகிற நாளில்தான் இந்த மனுஷருக்கு இப்படியெல்லாம் தோன்றும். இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டே, "வீட்டை வித்துடலாம் ஹம்சா. வெயில் முடியறதுக்குள்ள முடிச்சுட்டா தீபாவளிக்கு ஸ்ரீரங்கத்துல இருக்கலாம்" என்றார். அப்பளத்தை நொறுக்குகிற மாதிரி, அவ்வளவு சுலபமாக.

ஸ்ரீரங்கத்தில் யாரோ ஒரு பில்டர் காவிரிக்குப் பக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிறானாம். லிஃப்ட், ஜெனரேட்டர், மொட்டை மாடியில் நடைபாதை. மொபைலில் படம் காட்டினார். அந்தப் படத்தில் ஒரு மாமாவும் மாமியும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். அந்த மாமியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று தெரியவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. ரிடையர் ஆனதும் ஊரோடு போய்விடலாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் "பார்க்கலாம்" என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். ஆயுள் முழுக்க மத்திய சர்க்காரில் குப்பை கொட்டியவருக்கு "பார்க்கலாம்" என்றால் "முடியாது" என்று தெரிய வேண்டாமா? எத்தனை ஃபைலில் அவரே அப்படி எழுதி அனுப்பியிருப்பார்!

எனக்கு ஸ்ரீரங்கம் வேண்டாம். தில்லியில் இந்த மயூர் விஹார்தான் வேண்டும். லோதி ரோடு ஆபீசுக்கு என்னோடு சார்ட்டர்ட் பஸ்ஸில் வந்த கூட்டம் இன்றைக்கும் செவ்வாய்க்கிழமையானால் பார்க்கில் கூடுகிறது. பெண் ஷ்ருதி நொய்டாவில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை வந்து துணி மூட்டையை வாஷிங் மெஷினில் கொட்டிவிட்டுத் தூங்குகிறாள். ஸ்ரீரங்கத்தில் எனக்கு யாரைத் தெரியும்? அவருடைய அத்தை பிள்ளைகளை. போதுமடா சாமி.

இதில் வேடிக்கை, வீடு என் பேரில். டி.டி.ஏ. என்கிற வீட்டு வாரியக் குலுக்கலில் என் விண்ணப்பத்துக்குத்தான் விழுந்தது. வாசல் பலகையில் மட்டும் எஸ். ராஜகோபால், அண்டர் செக்ரெட்டரி (ரிடையர்டு). கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோர்க்குழம்பை அவ்வளவு ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவரே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். "புரோக்கருக்கு எதுக்குத் தண்டம் அழணும்? நாமளே விப்போம். வரவாளுக்கு வீட்டைக் காட்டறது உன் பொறுப்பு. என் ஹிந்தியைக் கேட்டா வந்தவா படியிறங்கிடுவா."

வீட்டைக் காட்டுவது என் பொறுப்பா? பேஷ்.

மே 6

மார்க்கெட் முனையில் சட்டா ப்ராப்பர்ட்டீஸ் என்று ஒரு புரோக்கர் கடை. பாக்கெட் என்கிற இந்தக் குடியிருப்பில் ஒரு வீடு கைமாறினால் அது சட்டாவின் கை வழியாகத்தான் மாறும். வாங்குபவனிடம் ஒரு பர்சென்ட், விற்பவனிடம் ஒரு பர்சென்ட். இவர் அந்தக் கடையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு டீ குடித்து, இப்போது என்ன விலை போகிறது என்று முழுக்கக் கறந்துகொண்டு, எழுந்திருக்கும்போது "நாங்களே விற்றுக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வெட்கமே இல்லை.

சட்டா கோபித்துக்கொள்ளவில்லையாம். "மூணு மாசம் கழிச்சு வாங்க அங்கிள்ஜி, டீ ரெடியா இருக்கும்" என்றானாம்.

"திமிரைப் பாரு" என்கிறார் இவர்.

மே 11, ஞாயிறு

இப்படி ஒரு தப்பை தில்லியில் தமிழன் மட்டும்தான் செய்வான். வீடு விற்பனைக்கு என்று தமிழ்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்! "நேரடி பார்ட்டி மட்டும். சைவத் தமிழ்க் குடும்பத்துக்கு முன்னுரிமை."

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. துவாரகா, ஆர்.கே.புரம், ஃபரிதாபாத் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். ஒருத்தர் கூட வாங்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, போவதற்கு ஓர் இடம் வேண்டும், வந்தார்கள். "பூர்வீகம் எது? வலங்கைமானா? அங்கே வைத்தி ஆத்தைத் தெரியுமோ?" சமையலறையை எட்டிப் பார்த்த ஒரு மாமி நேராக, "பொண்ணுக்கு ஜாதகம் எடுத்தாச்சா?" என்று கேட்டாள். வீட்டுக்கு என்ன விலை என்று அவள் கேட்கவில்லை. மொட்டை மாடிக்குப் போன இன்னொரு மாமி கறிவேப்பிலையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். மனுஷர் மட்டும் எல்லோரிடமும் பேசிப் பேசிப் பூரித்துப் போயிருந்தார்.

மே 12

காபிப் பொடி தீர்ந்துவிட்டது. வீடு அப்படியே இருக்கிறது.

மே 18, ஞாயிறு

இப்போது இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார். இன்றுதான் முதல் நிஜமான பார்ட்டி. லக்ஷ்மி நகரிலிருந்து ஒரு குப்தா, மனைவி, மச்சினன். இவர் நடக்கப் போயிருந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு பொய் கூடச் சொல்லவில்லை, அதை இங்கே எழுதி வைக்கிறேன். உண்மையைத்தான் சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

தண்ணீர் காலை ஐந்தரைக்கு வரும், மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் மோட்டார் போடாவிட்டால் நின்றுவிடும் என்றேன். குரங்குகள் வரும், பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் ஃப்ரிட்ஜ் வரைக்கும் வரும் என்றேன். கிழக்குக் காற்று அடித்தால் குப்பை மலை வாசனை. ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினாலும் ஒருவர் சண்டைக்கு வருவார், அவர் பெயர் மல்ஹோத்ரா, கீழே இருக்கிறார், வேண்டுமானால் அறிமுகம் செய்து வைக்கிறேன். லிஃப்ட்டா? லிஃப்ட் எங்கேயிருந்து வரும் பையா, இது டி.டி.ஏ.!

குப்தா மனைவி சோபாவில் உட்காரக்கூட இல்லை. மச்சினன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என்ன சொன்னா?" என்று திரும்பி வந்தவர் கேட்டார்.

"ஆத்துல கலந்துண்டு சொல்றேன்னா" என்றேன்.

இது மட்டும் பொய். நாள் பூராவுக்கும் ஒன்று.

மே 29

இதுவரை ஆறு பார்ட்டி. ஆறும் ஓட்டம். எனக்குக் கை பழகிவிட்டது. எதை எந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. குரங்கை பால்கனியில் நின்று சொல்லக்கூடாது, சமையலறையில் நின்று சொல்ல வேண்டும். "இதே இடத்தில்தான் நின்றது" என்று.

சாயங்காலம் சப்ஜி வண்டியருகே சட்டா பிடித்துக்கொண்டான். வெண்டைக்காய் பொறுக்குகிற மாதிரிக் குனிந்து மெதுவாக, "ஆன்ட்டிஜி, ஆப் தோ பேச்னா ஹீ நஹீ சாஹ்தீ" என்றான். உங்களுக்கு விற்கவே இஷ்டமில்லை என்று அடித்துச் சொல்கிறான்! வீட்டில் முப்பத்தைந்து வருஷம் கூடவே இருப்பவருக்குத் தெரியாதது இந்தப் பயலுக்கு எப்படித் தெரிந்தது?

குப்தா அவனிடம் போய்ப் புலம்பினாராம். வீட்டுக்காரி ஒருத்தி இவ்வளவு குற்றம் சொன்னால் ஒன்று அவளுக்குப் பைத்தியம், இல்லாவிட்டால் விற்க மனசில்லை. "உங்களைப் பார்த்தால் பைத்தியம் மாதிரித் தெரியவில்லை" என்றான்.

"அங்கிளிடம் சொல்லாதே" என்றேன். நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினான். நல்ல பையன்தான். வெண்டைக்காய்க்கும் அவனே பேரம் பேசிக் கொடுத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

ஐயோ. மாட்டிக்கொண்டேன். இல்லை, மாட்டிக்கொள்ளவில்லை. அதைவிட மோசம்.

ஒரு வங்கிக்காரரிடம் குப்பை மலை வாசனையைப் பற்றி நான் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் இவர். படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார்?

உள்ளே வந்தார். வங்கிக்காரரைப் பார்த்து, "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டா. மேல் மாடி. மே, ஜூன்ல சீலிங் தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும்" என்று தம் ஹிந்தியில் சொன்னார். வங்கிக்காரர் போனதும் என்னிடம் திரும்பினார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"ஹம்சா, நீ பண்றதுதான் சரி. ஊரே மறைச்சு விக்கறது. நீ ஒண்ணு விடாம சொல்றே! டெண்டர் டாக்குமெண்ட்னா இப்படின்னா இருக்கணும்! எனக்குத் தோணலியே!"

பெருமைப்படுகிறார். என்னை நினைத்துப் பெருமைப்படுகிறார். இவர் கத்தியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 10

இன்டர்நெட் விளம்பரத்தோடு போட வீடியோ எடுக்கிறார். வேட்டியை மாற்றிக்கொண்டு பேண்ட் போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு. மொபைலைப் பிடித்தது நான்தான், வேறு யார்?

"நமஸ்கார். யே கர் கா பெஹ்லா கராபி" என்று ஆரம்பித்தார். வீட்டின் முதல் கோளாறு, இரண்டாவது கோளாறு என்று ஒவ்வோர் அறையாகப் போய்க் காட்டினார். குளியலறையில் கசிகிற மூலை. மதியம் இரண்டு மணிக்கு சீலிங்கைத் தொட்டுக் காட்ட ஸ்டூல் மேல் ஏறினார். நான் எந்தப் பார்ட்டியிடமும் சொல்லாத ஒன்றையும் கண்டுபிடித்தார்: விருந்தாளி அறை ஜன்னல் மழைக்காலத்தில் மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. பால்கனிக்கு வந்தபோது சரியாக ஒரு குரங்கு வந்து கிரில்லில் உட்கார்ந்தது. "பந்தர். டெய்லி ஆதா ஹை" என்று கையை நீட்டி அதை அறிமுகப்படுத்தினார். அது கேமராவைப் பார்த்தது. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலித்தது, படம் கொஞ்சம் ஆடிவிட்டது.

ஜூன் 13

ஷ்ருதி ஆபீசிலிருந்து போன். "அம்மா! அப்பா ஃபேமஸ் ஆயிட்டார்! என் பாஸ் எனக்கே ஃபார்வர்ட் பண்றார்மா, அங்கிள் கித்னே ஹானஸ்ட் ஹைன்னு!"

தில்லியில் ஒரு நம்பிக்கை உண்டு, மதராசி பொய் சொல்ல மாட்டான் என்று. எங்கிருந்து வந்ததோ. வீடு வாடகைக்கு விடுகிறவன் கூட மதராசி குடும்பம் கிடைக்குமா என்று தேடுவான். இப்போது அதற்கு ஒரு வீடியோவும் கிடைத்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

படிக்கட்டில் வரிசை. நிஜமாகவே வரிசை. இரண்டாவது மாடி வரைக்கும் நின்றார்கள். மல்ஹோத்ரா பார்க்கிங்குக்காகக் கத்திக்கொண்டிருந்தார், அதையும் சிலர் படம் எடுத்தார்கள், "வீடியோவில் சொன்ன ஆள் இவர்தான்" என்று. ஒரு சர்தார்ஜி குரங்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு, வரும் வரை காத்திருந்து, பார்த்து, திருப்தியாகப் போனார்.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான். பத்து வீடு பார்த்தோம் ஆன்ட்டி, டீலர்கள் எல்லாம் குறையே இல்லை என்றார்கள், உங்களைத்தான் நம்ப முடிகிறது.

கீழே சட்டா கடை வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். அனுதாபமா, சிரிப்பா?

நானே தோண்டிய குழி. நன்றாக ஆழமாகத் தோண்டியிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

மது என்று ஒரு பெண் வந்தாள். தெற்குச் சீமை நாசரேத்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும், செய்தி நிறுவனத்தில் வேலை, முனிர்காவில் ஓர் அறையில் இருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரன் பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவானாம், இவளுக்கு ஷிஃப்ட் முடிவதே பதினொன்றுக்கு. தினமும் கெஞ்சித்தான் உள்ளே போக வேண்டும். வீடு வாங்கலாம் என்று போனால் டீலர்கள் இவளைப் பார்க்காமல் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். "அப்பா எங்கே, ஹஸ்பெண்ட் எங்கேன்னு கேக்காங்க ஆன்ட்டி. வீட்டைக் காட்ட மாட்டேங்காங்க."

வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கசிகிற மூலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, "உங்க கோளாறையெல்லாம் சொல்லிட்டீங்க. என் கோளாறையும் கேட்டுக்கிடுங்க" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "நான் தனி ஆளு. ராத்திரி லேட்டா வருவேன். லோன்லதான் வாங்குவேன், கொஞ்சம் நாளாகும். அப்புறம், மீன் சமைப்பேன். அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்."

சைவத் தமிழ்க் குடும்பத்துக்கு முன்னுரிமை கேட்டவர் இவர்! நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் ஃபைலில் கையெழுத்துப் போடுகிற குரலில், "நோட் பண்ணிண்டாச்சு. ஆட்சேபணை இல்லை" என்றார்.

அவள் சிரித்த சிரிப்பு. எனக்கும் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம்.

ஜூலை 9

மதுவுக்கு லோன் கிடைத்துவிடும் போலிருக்கிறது. இவர் மற்ற எல்லோரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இந்த மாசம் இருபதாம் தேதி அட்வான்ஸ் வாங்கிண்டுடலாம்."

"இருபதாம் தேதியா? ஆடி பொறந்துடுமே" என்றேன்.

"நீ எப்போலேர்ந்து ஆடியெல்லாம் பாக்கறே? ஆடியிலதானே ஃப்ரிட்ஜ் வாங்கினே?"

"ஃப்ரிட்ஜ் வேற, வீடு வேற. ஆடியில வீடு கைமாத்தப்படாது. உங்கம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பா."

மாமியாரைத் துணைக்கு அழைத்தது இந்தக் கல்யாணத்தில் இதுவே முதல் தடவை. உடனே அடங்கிப்போனார். ஆவணி பிறந்து பார்க்கலாம் என்று முடிவானது. ஒரு மாதம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது.

ஆகஸ்ட் 5

மழை. விருந்தாளி அறை ஜன்னல் வீடியோவில் சொன்னபடி மூடவில்லை. மது அளவெடுக்க வந்திருந்தாள், இருவருமாகத் தள்ளி மூடினோம். திரைச்சீலைக்கு அளவு எடுத்தாள். கையில் டேப்போடு ஜன்னலருகே நின்று, "ஆன்ட்டி, இனி கேட்டுக்குச் சாவி என்கிட்டயே இருக்கும்லா?" என்றாள்.

நான் உள்ளே போய் தேவையில்லாமல் பாத்திரம் கழுவினேன். குப்தாவை விரட்டியபோது சிரிப்பாக இருந்தது. இவளை என்ன சொல்லி விரட்டுவது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. காலையில் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "புதன்கிழமை நாள் நன்னா இருக்கு. ராகு காலமெல்லாம் பாத்துட்டேன். மதுவை வரச் சொல்லிடட்டுமா? அப்படியே ஸ்ரீரங்கத்துக்கும் பணம் கட்டிடறேன்."

சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஸ்ரீரங்கம் வேண்டாம். நான் வரலை." இவ்வளவுதான் சொன்னேன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இத்தனை வருஷமா சொல்லலியே?"

"இத்தனை வருஷமா நீங்க கேட்டேளா? பார்க்கலாம் பார்க்கலாம்னேனே, அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? ஃபைல்ல நீங்க எழுதினதுதானே?"

"ஃபைல்ல எழுதினேன். நீ என் ஆத்துக்காரி. உன்னை நான் ஃபைல் மாதிரியா படிக்கணும்?"

பஞ்சாங்கத்தை மூடி வைத்தேன். அவரே மெதுவாகக் கேட்டார். "அப்போ, அந்தக் குறையெல்லாம் சொன்னது?"

"வரவாளை விரட்டறதுக்கு."

முகம் எப்படியோ ஆகிவிட்டது. "நான் உன்னை – என்ன நேர்மைடா இவளுக்குன்னு – ஊருக்கெல்லாம் காட்டினேனே ஹம்சா."

அழுதேன். கோபத்திலா, வெட்கத்திலா? இரண்டிலும்தான். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு நான் மூன்று மாதம் நாடகம் ஆடியிருக்கிறேன். ஆனால் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஏன் ஆடப்போகிறேன்?

ஆகஸ்ட் 18

டிவி மட்டும் பேசுகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

நல்ல நாள். மதுவிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு ஃப்ளைட் ஏறிவிட்டார். தனியாக. "பணம் கட்டறதுக்கு முன்னாடி நேர்ல பாக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். பெட்டியில் முட்டிக்குப் போடுகிற பட்டையை வைத்தேனா என்று கூடக் கேட்கவில்லை. வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 22

ராத்திரி போன். எடுத்ததும், ஹலோ கிடையாது, ஒன்றும் கிடையாது:

"கொசுவே இல்லைங்கறான் ஹம்சா!"

"யாரு?"

"அந்த பில்டரோட ஆளு. இந்த வீட்டுல என்னென்ன கோளாறுன்னு கேட்டேன். ஒரு கோளாறும் இல்லை சார்ங்கறான். தண்ணி? இருபத்து நாலு மணி நேரமும் வரும் சார். வெயில்? தெரியவே தெரியாது சார். சரி, கொசு? கொசுவே கிடையாது சார். காவிரிக் கரையில! பேசிண்டிருக்கும்போதே அவன் கழுத்துல ஒண்ணு உக்காந்து குடிச்சுண்டிருக்கு, அதைத் தட்டிண்டே சொல்றான்! என்னை என்னன்னு நினைச்சுண்டிருக்கான்?"

வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சிரிக்கறியா?"

"இல்லையே."

"சிரிக்கறே. கேக்கறது."

ஆகஸ்ட் 25

வந்துவிட்டார். குளித்து, சாப்பிட்டு, ஈஸிசேரில் சாய்ந்ததும் வாயைத் திறந்தார்.

"அவன் பொய் சொன்னான்னு மட்டும் திரும்பி வரலை. மொட்டை மாடிக்குக் கூட்டிண்டு போனான். நடைபாதை, பெஞ்சு எல்லாம் நன்னாத்தான் இருக்கு. இதுல ஹம்சா யாரோட உக்காந்துண்டு பேசுவாள்னு நினைச்சுப் பார்த்தேன். ஒரு ஆளும் தோணலை."

அப்புறம் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஆனா இந்தப் படி என்னால முடியலை. நிஜமா முடியலை. லிஃப்ட்டுன்னு பாத்துத்தான் அந்தப் படத்துலயே மயங்கினேன்."

முட்டிக்குப் பட்டை போடுகிறார் என்று தெரியும், இந்த அளவு என்று எனக்குத் தெரியாது. தினமும் நடந்துவிட்டு மூச்சு வாங்க வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், இரண்டாம் மாடியில் நின்று நின்று வருவதைக் கேட்டிருக்கிறேன். ஊர் ஆசை என்று நினைத்தேனே தவிர கால் வலி என்று நினைக்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நன்றாக இருக்கிறது எங்கள் குடித்தனம்!

"மதுவுக்கு மேல் வீடு வேணும். உங்களுக்குப் படி வேண்டாம். எனக்கு இந்த இடம் வேணும்" என்றேன். "இதே பாக்கெட்டுல கீழ் வீடு ஏதாவது வித்தா?"

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"எங்க?"

"சட்டா கடைக்கு. டீ ரெடியா இருக்கும்னானே."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அடுத்த பிளாக்கில் தரைத்தளம் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார், நேரடி பார்ட்டி என்றால் போனையே எடுக்க மாட்டாராம், டீலர் மட்டும்தான். ஆக, அந்த ஒரு பர்சென்ட்டிலிருந்து தப்ப வழியில்லை. இவர் முனகிய முனகலில் சட்டா மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான்.

வீட்டைக் காட்ட அவனே வந்தான். வாசலில் நின்று என்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்கிள்ஜி, பெஹ்லா கராபி" என்று ஆரம்பித்தான். மழைக்காலத்தில் சாக்கடை எதிர்த்து வரும். பின்பக்க அறையில் வெயிலே விழாது. ஜன்னலுக்கு நேராக மல்ஹோத்ராவின் கார் நிற்கும். எலி உண்டு, பெரிய எலி.

இவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். "குரங்கு?" என்று கேட்டார்.

"நஹீ அங்கிள்ஜி. குரங்கெல்லாம் மூணாவது மாடிதான்."

"இதை நம்பலாம்" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

செப்டம்பர் 5

இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் அட்வான்ஸ், இரண்டு பத்திர வேலையும் சட்டா கையில்தான். ஞாயிற்றுக்கிழமை வடக்கத்திக்காரர்களுக்கு ஸ்ராத்த காலம் ஆரம்பிக்கிறதாம், சட்டா அதற்கப்புறம் பதினைந்து நாள் கையெழுத்துப் பேனாவையே தொட மாட்டான். ஜல்தி ஜல்தி என்று எல்லோரையும் விரட்டினான். எனக்கு ஆடி, அவனுக்கு இது!

மேல் வீட்டுக்குக் கையெழுத்துப் போடும்போது இவர் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். போட்டேன். மது அழுதாள். மது அழுததைப் பார்த்து சட்டா அவளிடம் வாங்க வேண்டிய பர்சென்ட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உடனே இவர், "எனக்கும் அழுகை வரது" என்றார். சட்டா அதைக் காதில் வாங்கவில்லை.

அக்டோபர் 28

ரிஜிஸ்ட்ரி முடிந்தது. உடம்பெல்லாம் வலி.

நவம்பர் 9, ஞாயிறு

குடிவந்து ஒரு வாரம். வெளியே ஒரே புகை, வீட்டில் எல்லா ஜன்னலும் மூடியிருக்கிறது. நேற்று ராத்திரி எலி வந்தது. சட்டா சொன்னபடியே பெரியதுதான்.

காலையில் மது மேலிருந்து இறங்கி நேராக இங்கே வந்தாள், கண்கள் தூங்காமல் வீங்கியிருந்தன. "அங்கிள், ஒரு கோளாறை மறைச்சிட்டீங்க" என்றாள். இவர் ஈஸிசேரிலிருந்து எழுந்துவிட்டார். "என்னம்மா? எதை?"

"காலைல அஞ்சரைக்குக் கீழ ஒருத்தர் தண்ணி வந்துடுத்து தண்ணி வந்துடுத்துன்னு பக்கத்து பிளாக்குல இருந்து என் பேரைச் சொல்லிக் கத்துதாரு. வீடியோல அவரு இல்லையே?"

"விற்பனைத் தேதியில் அந்தக் கோளாறு மேல் வீட்டிலேயே குடியிருந்தது, கீழேயிருந்து கத்தவில்லை, அதனால் அது கணக்கில் வராது" என்று இவர் மிகக் கம்பீரமாக விளக்கினார். பிறகு, "மோட்டார் போட்டியா, இல்லியா?" என்று கேட்டார். போட்டாளாம். நேற்று வைத்த மோர்க்குழம்பை ஒரு டப்பாவில் கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் இவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். புதுப் பலகை செய்து வாங்கியிருக்கிறாராம், எனக்குச் சொல்லவே இல்லை. பழையதில் இருந்த அண்டர் செக்ரெட்டரியைக் காணோம். இரண்டு தனித்தனிப் பட்டையாக இரண்டு பெயர். ராஜகோபால் ஒன்று, ஹம்சா ஒன்று.

"உன் பேரு மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்" என்றேன்.

திருகிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தார்.

"பார்க்கலாம்னா என்ன அர்த்தம்? தெளிவாச் சொல்லு ஹம்சா. நான் நிக்கறேன்."

"மேலே" என்றேன்.